‘விலங்கு’ என்ற சொல் மிருகத்தையும் கைவிலங்கையும் சேர்த்துக் குறிப்பது ஏன்?

விலங்கிட்டு அடக்க வேண்டிய உயிர் என்பதால் அப்பெயர் வந்தது என்று உங்களுக்கு யாரேனும் சொல்லியிருக்கக்கூடும். அதை வகுப்பறையில் நின்று சொன்னவர்களுள் நானும் ஒருவன் என்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஆசிரியப் பயிற்சியின்போது எட்டாம் வகுப்பில், ‘விலங்கொடு மக்கள் அனையர்’ எனத் தொடங்கும் 410ஆம் குறளை நடத்துகையில் அந்த விளக்கத்தை உறுதியாகச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “காட்டுல திரியுற மானுக்கு யாருங்க ஐயா விலங்கு போட்டாங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலையே நூலகத்துக்குப் போய்ச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினேன். விலங்குதல் என்றால் குறுக்கிடுதல். விலங்கு என்றால் குறுக்கானது. குறுக்கே கிடப்பதால் மலைக்கு விலங்கல் என்று பெயர். நடையைக் குறுக்கிட்டுத் தடுப்பதால் தளை விலங்காயிற்று. மனிதன் நெடுக்காக நிமிர்ந்து நடக்க, ஆடும் மாடும் புலியும் முதுகு தரைக்கு இணையாகக் கிடக்க நான்கு காலில் நடக்கின்றன. அந்தக் குறுக்குடலைப் பார்த்தே நம் முன்னோர் பெயரிட்டனர். ஆகவே தளையிலிருந்து மிருகத்துக்கோ மிருகத்திலிருந்து தளைக்கோ பெயர் போகவில்லை, இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

வடமொழியிலும் விலங்கைக் குறிக்கும் ‘திர்யக்’ என்ற சொல்லுக்குக் குறுக்கானது என்பதே பொருள் என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான், சமணர் சொல்லும் நாற்கதிகளுள், அதாவது உயிர் எடுக்கும் நான்கு வகைப் பிறவிகளுள், அவர்கள் ‘திர்யக்’ என்று சொல்வதைத் தமிழில் விலங்குகதி என்கிறோம். யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்ற வழக்கை நான் தொடங்கவில்லை. விலகு, விலக்கு, விலங்கல் என்று உறவுச்சொற்கள் சூழ நிற்கும் இந்தச் சொல்லின் வேர் தமிழ் வேர் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் கரும்பலகையில் ஒரு நெடுக்குக்கோடும் ஒரு குறுக்குக்கோடும் வரைந்து, முந்தைய நாள் சொன்னது தவறு என்று வகுப்பிடம் ஒப்புக்கொண்டேன். பிற்பாடு இதையே ஒரு மாத இதழுக்குக் கட்டுரையாக அனுப்பியபோது, விலங்கு என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் ‘மிருகம்’ என்று மாற்றி அச்சிட்டார்கள். குறுக்கு என்ற பொருளே கட்டுரையில் நிற்க இடமில்லாமல் போயிற்று. மிருகம் என்ற சொல்லுக்கோ வடமொழியில் மான் என்ற பொருளும் உண்டு, மிருகசீரிடம் என்றால் மான்தலை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.