துயரம் சுமப்பவர்களுக்கு ஒரு பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹன்னஸ் பிராம்ஸின் ‘ஐன் டாய்ச்சஸ் ரெக்குவியம்’ (ஜெர்மன் ரெக்குவியம், ஓபஸ் 45) பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம். ஏழு பகுதிகள், பாடகர் குழு, ஒரு பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்), ஒரு சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்), முழு ஆர்க்கெஸ்ட்ரா, ஏறக்குறைய 70 நிமிடம்.

கேள்வி: ரெக்குவியம் என்பது இறந்தவர்களுக்கான லத்தீன் பூசைதானே? அதில் ‘ஜெர்மன்’ எங்கிருந்து வந்தது? (திருநெல்வேலி)

மொழியிலிருந்து வந்தது. கத்தோலிக்க ரெக்குவியம், ‘இவர்களுக்கு நித்திய இளைப்பாறுதலைத் தாரும்’ என்று இறந்தவர்களுக்காக மன்றாடித் தொடங்கும். இடையில் நியாயத்தீர்ப்பு நாளின் பயங்கரம் வரும். பிராம்ஸ் அந்த லத்தீன் பாடத்தைத் தொடவே இல்லை. மார்ட்டின் லூத்தர் மொழிபெயர்த்த ஜெர்மன் பைபிளிலிருந்து தானே வசனங்களைத் தேர்ந்து கோத்தார். முதல் வசனமே உயிரோடு இருந்து அழுகிறவர்களைப் பார்த்துப் பேசுகிறது. இறந்தவர்களுக்கான வாழ்த்து ஏழாம் பகுதியில்தான் வருகிறது. ‘ஜெர்மன்’ என்பதை எடுத்துவிட்டு ‘மனிதன்’ என்ற சொல்லை வைக்கவும் தனக்குச் சம்மதமே என்று 1867இல் ஒரு கடிதத்தில் அவர் எழுதினார். தேசப் பெருமை பேசும் தலைப்பு இது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: இரண்டு முறை முயன்றேன். பாதியில் மனம் அலைந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்? (கோயம்புத்தூர்)

ஒரே மூச்சில் 70 நிமிடத்தைக் கேட்க முயல வேண்டாம். நான்காம் பகுதி இனிமையானது, அங்கே தொடங்குங்கள் என்று பலர் சொல்வார்கள். எங்கள் யோசனை வேறு. முதல் நாள் 1ஆம் பகுதியையும் 7ஆம் பகுதியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் எஃப் சுரத்தை ஆதாரமாகக் கொண்ட எஃப் மேஜர். இரண்டும் ‘ஸேலிக் ஸிண்ட்’ (பாக்கியவான்கள்) என்றே தொடங்கும். 7ஆம் பகுதி முடியும் தறுவாயில் முதல் பகுதியின் இசை திரும்பி வரும். அதை உங்கள் காது அடையாளம் கண்டுகொண்டால் முழுப் படைப்பின் வரைபடமும் கையில் வந்த மாதிரி. அடுத்த நாள் 2, அதன்பின் 4, 5. ஃபியூக்குகளோடு (ஒரே சுரவரிசையைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிப் பின்னிக்கொள்ளும் வடிவம்) முடிகிற 3, 6 இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதியைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதில் வயலினே கிடையாது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் கூட இல்லை. வயோலாக்களையும் செல்லோக்களையும் பிரித்து, அடியில் எஃப் சுரத்தை விடாமல் ஒலிக்கவைக்கிறார். எல்லாம் கீழ்ஸ்தாயியின் மங்கிய நிறம். அதன்மேல்தான் குரல்கள் எழுகின்றன. போனின் சிறிய ஸ்பீக்கரில் அந்த அடித்தளம் கேட்கவே கேட்காது. டபுள் பேஸின் அந்த எஃப் சுமார் 44 ஹெர்ட்ஸ். நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும்.

கேள்வி: ஜெர்மன் தெரியாமல் இதை ரசிக்க முடியுமா? (யாழ்ப்பாணம்)

முடியும். பக்கத்தில் தமிழ் பைபிளை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மொழிக்கு இங்கே ஒரு கொடுப்பினை இருக்கிறது. முதல் பகுதி மத்தேயு 5:4, சங்கீதம் 126:5–6. லூத்தர் ‘துயரப்படுகிறவர்கள்’ என்பதற்கு ‘லைட் ட்ராகென்’ என்கிறார். சொல்லுக்குச் சொல், துயரம் சுமப்பவர்கள். சங்கீதத்தில் விதையைச் சுமந்து அழுதுகொண்டு போகிறவர்களுக்கும் அதே ‘ட்ராகென்’ வினைதான். துயரச் சுமை விதைச் சுமையாகிவிடுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அங்கே ‘விதையைச் சுமக்கிறவன் அழுதுகொண்டு போகிறான்’, ‘அரிகளைச் சுமந்துகொண்டு’ திரும்பிவருகிறான் என்றே இருக்கிறது. பிராம்ஸ் ஏன் இந்த இரண்டு வசனங்களையும் ஒட்டவைத்தார் என்பது தமிழிலேயே விளங்கிவிடும்.

மற்றவை: 2ஆம் பகுதி 1 பேதுரு 1:24–25, யாக்கோபு 5:7, ஏசாயா 35:10. 3ஆம் பகுதி சங்கீதம் 39:4–7, சாலமோனின் ஞானம் 3:1. 4ஆம் பகுதி சங்கீதம் 84இன் 1, 2, 4 வசனங்கள். 5ஆம் பகுதி யோவான் 16:22, சீராக் 51:27, ஏசாயா 66:13. 6ஆம் பகுதி எபிரெயர் 13:14, 1 கொரிந்தியர் 15:51–55, வெளிப்படுத்தல் 4:11. 7ஆம் பகுதி வெளிப்படுத்தல் 14:13. ஞானமும் சீராக்கும் கத்தோலிக்கப் பதிப்பில்தான் கிடைக்கும். சீர்திருத்தத் திருச்சபைப் பதிப்பில் தேடி ஏமாற வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. ‘ட்ரோஸ்டென்’ (தேற்றுதல்) என்ற சொல் இந்தப் படைப்பின் முதுகெலும்பு. முதல் பகுதியில் ‘தேற்றப்படுவார்கள்’ என்ற வாக்கு. மூன்றாம் பகுதியில் பாரிட்டோன் தன் நாட்களின் அளவைத் தெரிவிக்கும்படி கேட்டுக் கலங்கிய பிறகு, குழு ‘ஆண்டவரே, நான் எதனால் என்னைத் தேற்றிக்கொள்வேன்?’ என்கிறது. ஐந்தாம் பகுதியில் ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்ற விடை. சங்கீதம் 39:7இன் தமிழ் ‘காத்திருத்தல்’ பற்றிப் பேசுகிறது. ‘தேற்றுதல்’ அங்கே இல்லை. எனவே அந்த வசனத்தை மட்டும் ஜெர்மனின் கண்ணால் படியுங்கள். கேள்வியும் விடையும் இணைவது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: இரண்டாம் பகுதி ‘மார்ச் நடையில்’ என்று குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் மூன்று மூன்றாக வருகிறதே? (சென்னை)

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். மார்ச் என்றால் இடது வலது என்று இரண்டிரண்டாகத்தான் கால் விழ வேண்டும். இது 3/4. அதனால்தான் ஊர்வலம் நகர்வது போலவும், ஒவ்வொரு அடியிலும் கால் தயங்குவது போலவும் இருக்கிறது. அடியில் டிம்பனி என்ற பெரிய முரசின் மும்மைத் தட்டு விடாமல் ஒலிக்கிறது. குழு ‘மாம்சமெல்லாம் புல்லைப்போல’ என்ற வரியை முதலில் மெல்லிய குரலில், எல்லாக் குரலும் ஒரே சுரவரிசையில் பாடும். சுரம் சேர்த்து அழகுபடுத்தவே இல்லை. அதே வரி பிறகு முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு உச்ச ஓசையில் வரும்போது உடம்பு சிலிர்க்கும். அது புதிய இசை அல்ல என்பதே அந்த வலிமைக்குக் காரணம்: முன்பு காதில் முணுமுணுத்ததே இப்போது தலைக்குமேல் நிற்கிறது.

இடையில் பொறுமையாக இருங்கள் என்ற யாக்கோபின் வரி, ஒளிமிக்க மேஜரில் வந்துபோகும். பிறகு ஊர்வலம் முழுவதும் மறுபடி. ‘கர்த்தருடைய வசனமோ’ என்பதில் உள்ள அந்த ‘ஓ’காரத்துக்கு ஜெர்மனில் ‘ஆபர்’ (ஆனால்). அந்த ஒரு சொல்லில்தான் இருண்ட பி ஃப்ளாட் மைனர் மேஜராகத் திரும்புகிறது.

கேள்வி: மூன்றாம் பகுதியின் முடிவு எனக்கு வெறும் இரைச்சலாகவே கேட்கிறது. (மதுரை)

வியன்னாவிலும் அப்படித்தான் கேட்டது. 1867 டிசம்பர் 1 அன்று யோஹான் ஹெர்பெக் தலைமையில் முதல் மூன்று பகுதிகள் மட்டும் அரங்கேறின. இந்த இடத்தில் டிம்பனி வாசித்தவர் தொடக்கம் முதல் கடைசி வரை உரக்கத் தட்டிவிட, குரல்கள் மூழ்கிப்போயின.

நடப்பது இதுதான். ‘நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் உள்ளன’ என்ற வரிக்கு குழு ஒரு ஃபியூக் பாடுகிறது. ஆர்க்கெஸ்ட்ரா தனக்கென்று வேறொரு ஃபியூக்கை வாசிக்கிறது. இரண்டுக்கும் அடியில் டி சுரம் 36 பார்களுக்கு (தாள ஆவர்த்தங்களுக்கு) அசையவே அசையாது. நமக்குத் தம்புரா பழக்கமானது. ஆனால் தம்புராவின் ஆதாரத்தை விட்டுப் பாட்டு விலகாது. இங்கே மேலே இருக்கிற ஸ்வரக்கூட்டு டி மேஜரை விட்டு விலகி விலகி அலைகிறது, கீழே இருக்கும் டி விடுவதில்லை. உரசல் கேட்கத்தான் செய்யும். அந்தக் ‘கை’ எங்கே என்று கேட்டால், அந்த டிதான்.

கேட்கும் முறை: முதல் தடவை டெனர் (உயர்ந்த ஆண்குரல்) தொடங்கும் சுரவரிசையை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை மேலே எதையும் கவனிக்காமல் அடிச்சுரத்தை மட்டும் பிடித்திருங்கள். மூன்றாம் தடவை தானாக விலகி நின்று கேட்க வரும். அப்போதும் இரைச்சலாகத் தோன்றினால் வேறு பதிவைத் தேடுங்கள். எதிரொலி மிகுந்த தேவாலயத்தில் பதிவானதாக இருக்கலாம்.

கேள்வி: இது தன் தாய்க்காக பிராம்ஸ் எழுதியதுதானே? (டொராண்டோ)

அவருடைய தாய் 1865 பிப்ரவரியில் இறந்தார்; வேலை வேகமெடுத்தது அதன்பிறகே. ஆனால் இரண்டாம் பகுதியின் ஊர்வல இசைக்கு வேர், 1854இல் அவர் தொடங்கிக் கைவிட்ட ஒரு படைப்பில் இருக்கிறது. அவருடைய வழிகாட்டியான ராபர்ட் ஷூமான் ரைன் நதியில் குதித்த ஆண்டு அது. 1856இல் ஷூமான் இறந்தார். ஆக, துக்கம் ஒன்றல்ல. தாயைப் பற்றிய ஐந்தாம் பகுதி எல்லாவற்றுக்கும் பிறகு, 1868 மே மாதம் சேர்க்கப்பட்டது. சொப்ரானோ ‘இப்பொழுது நீங்கள் துக்கமடைந்திருக்கிறீர்கள்’ என்று மேலே பாட, குழு கீழே மெதுவாக ‘தாய் தேற்றுவதுபோல்’ என்கிறது. வயலின்கள் ஒலி அடக்கியோடு வாசிக்கின்றன.

கேள்வி: ரெக்குவியத்தில் இயேசுவின் பெயரே இல்லை என்பது உண்மையா? (நாகர்கோவில்)

உண்மை. பிரேமன் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் கார்ல் ரைன்தாலர் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்டார், பிராம்ஸ் இசையவில்லை. 1868 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி அன்று அங்கே ஆறு பகுதிகள் அரங்கேறியபோது, ஹாண்டலின் ‘மெசையா’விலிருந்து மீட்பரைப் பற்றிய ஒரு பாடலையும் சேர்த்தே பாடினார்கள். ஏழு பகுதிகளும் சேர்ந்து ஒலித்தது 1869 பிப்ரவரி 18, லைப்சிக்கில்.

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் 24 பேர். ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. எதையாவது பாட முடியுமா? (பாளையங்கோட்டை)

நான்காம் பகுதியைப் பாடுங்கள். தனிப்பாடகர் வேண்டாம், மூலத்திலேயே டிரம்பெட், டிராம்போன், டிம்பனி இல்லை, ஐந்தாறு நிமிடம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பியானோவோடு கூடிய பாடற்பிரதி இலவசமாகவே கிடைக்கும். முழுப் படைப்பையும் ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும் நான்குகை வடிவத்தை பிராம்ஸே செய்திருக்கிறார். 1871இல் லண்டனில் ஒரு வீட்டில் முதல்முறை பாடியது அப்படித்தான்.

24 பேரை 7 சொப்ரானோ, 6 ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்), 5 டெனர், 6 பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) என்று பிரிக்கலாம். வழக்கமாகக் கெடுகிற இடங்கள் மூன்று.

சுருதி இறங்குவது முதலாவது. மெல்லப் பாடும்போது மூச்சின் அழுத்தமும் குறைவதால் இது நேர்கிறது. ஓசையைக் குறையுங்கள், மூச்சைக் குறைக்காதீர்கள். இறங்கும் சுரங்களில் படிகளைச் சிறிதாக வையுங்கள். இ ஃப்ளாட் கூட்டில் ஜி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அதைத் தாங்க வேண்டும். அது தாழ்ந்தால் எல்லாம் தாழும். ஒவ்வொரு வரியையும் பியானோ இல்லாமல் பாடி, கடைசிச் சுரத்தை மட்டும் தட்டிச் சரிபாருங்கள்.

இரண்டாவது, காலம் இழுபடுவது. 3/4ஐ மூன்று கனமான அடிகளாக எண்ணினால் நகராது; முதல் அடியில் மட்டும் எடை போடுங்கள். ‘டீ லோபென் டிஹ் இம்மர்டார்’ (அவர்கள் உம்மை எப்பொழுதும் துதிப்பார்கள்) என்று குரல்கள் துரத்திக்கொள்ளும் இடத்தைச் சுரமில்லாமல், தாளத்தோடு சொல்லிப் பழகிய பிறகே பாடுங்கள்.

மூன்றாவது உச்சரிப்பு. உயிருக்கு முன் வரும் ‘ஸ’ தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும். ‘லீப்லிஹ்’ (இன்பமான) என்பதன் இறுதி ஒலி, ‘ஈ’ சொல்லும் வாய் நிலையிலேயே காற்றை விடுவது, ‘க்’ ஆகக்கூடாது. சொல்லிறுதியில் வரும் டகரம் வல்லினம்.

தமிழில் பாடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்காம் பகுதியின் முதல் வரி, ‘வீ லீப்லிஹ்’ முதல் ‘ட்ஸேபாவோட்’ வரை, ஜெர்மனில் 13 அசை. அதே வசனம் நம் பைபிளில் 25 அசை. ஒரு சுரத்துக்கு இரண்டு அசையைத் திணித்தால் பிராம்ஸின் நீண்ட வளைவு உடைந்துபோகும். ஜெர்மனில் பாடி, முன்னதாகத் தமிழ் வசனத்தை ஒருவர் வாசிப்பது நல்லது.

முதல் பகுதியை இப்போதைக்குத் தொட வேண்டாம். குழு நுழையும்போது கருவிகள் அடங்கிவிடுகின்றன. சற்று இறங்கினாலும் கருவிகள் திரும்பும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கேள்வி: எந்தப் பதிவை வாங்கலாம்? (சிங்கப்பூர்)

இரண்டு. ஓட்டோ கிளெம்பரர் 1961இல் ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்தது. ஷ்வார்ட்ஸ்கோஃபும் ஃபிஷர்-டீஸ்கௌவும் பாடியிருக்கிறார்கள். பாறைபோல உறுதியான நடை. அடுத்து ஜான் எலியட் கார்டினர், மான்டெவெர்டி குழு, பழங்காலக் கருவிகளோடு; உள் குரல்கள் தெளிவாகக் கேட்கும். முதல் பதிப்பில் பிராம்ஸ் முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 80 அடி என்று குறித்திருந்தார்; அந்தக் கணக்கில் சுமார் 8 நிமிடம். பிறகு எண்களை நீக்கிவிட்டார். இன்று பலர் 10 நிமிடம் எடுக்கிறார்கள். மெதுவாக இருந்தால்தான் ஆழம் என்று நினைக்காதீர்கள். பாடகர் ஒரு சொற்றொடரை ஒரே மூச்சில் முடிக்க முடிகிற வேகமே சரியான வேகம்.

கேள்வி: நேரில் கேட்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (லண்டன்)

ஆறாம் பகுதியில் பாரிட்டோன் ‘கடைசிப் போஸௌனெ’ என்று சொல்லும் இடத்தில் பித்தளைக் கருவிகளின் வரிசையைப் பாருங்கள். நம் பைபிள் ‘எக்காளம்’ என்கிறது. ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு டிராம்போன் என்றே பொருள். டிராம்போன்கள்தான் அங்கே எழுந்து ஒலிக்கின்றன. ‘மரணமே, உன் கூர் எங்கே’ என்ற புயலும் அதையடுத்த சி மேஜர் ஃபியூக்கும் முடிந்ததும் கைதட்டத் தோன்றும், பொறுங்கள். மிகவும் களைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் சொப்ரானோக்கள் ஏழாம் பகுதியை உயர்ந்த எஃப் சுரத்தில் தனியாகத் தொடங்க வேண்டும். குழுவின் தரம் அங்கே தெரிந்துவிடும். கடைசியில் ‘ஸேலிக்’ என்ற சொல் தணிந்து அடங்க, ஹார்ப் மேலேறிப் போகும். நடத்துனர் கையை இறக்கும்வரை அசையாமல் இருங்கள்.