கழுத்தில் நரம்புக் கட்டி: ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடுமா?

கழுத்தில் இருப்பது ஷ்வானோமா என்ற நரம்புக் கட்டி, புற்றுநோய் இல்லை, ஆனால் எடுத்தால் குரல் மாறலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எடுப்பதா, அப்படியே விடுவதா என்பது உங்கள் கேள்வி.

என் அக்காவுக்கு இதே கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. அக்கா பள்ளி ஆசிரியை. குரல் இல்லாவிட்டால் வேலையே இல்லை. அதனால் உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் டாக்டர் இல்லை, அக்காவோடு கூடவே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டி எந்த நரம்பில் முளைத்திருக்கிறது, அந்த நரம்பை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் எடுக்கப் பார்ப்பார்களா என்ற இரண்டும் தெரியாமல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

அவசரம் இல்லை என்பதால்தான் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். நரம்பு இழைகளுக்கு உறை போடும் ஷ்வான் செல்களிலிருந்து வளரும் கட்டி இது. பெரும்பாலும் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். சிறியதாக, தொந்தரவு எதுவும் தராமல் இருந்தால், ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தபடி காத்திருப்பதும் டாக்டர்கள் ஒத்துக்கொள்ளும் வழிதான். வயதானவர்களுக்குப் பல நேரம் அதையே சொல்கிறார்கள். வேகமாக வளர்ந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, வலியோ குரல் மாற்றமோ வந்தாலோ கதை வேறு.

அக்காவுக்குத் தாடைக்குக் கீழே வலியில்லாத வீக்கமாகத்தான் ஆரம்பித்தது. நெறி கட்டியிருக்கிறது, டிபியாக இருக்கலாம் என்றார்கள். நம் ஊரில் கழுத்து வீக்கம் என்றால் முதல் சந்தேகம் அதுதான், அதில் தப்பில்லை. ஊசி குத்திப் பார்த்ததில் முடிவு தெளிவாக வரவில்லை. இந்தக் கட்டிகளில் அது அடிக்கடி நடக்கும். அப்புறம் ஒரு டாக்டர், ஸ்கேன் எதுவும் பார்க்காமல், கீறி ஒரு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பலாம் என்றார். அதற்கு நாங்கள் சம்மதிக்காதது நல்லதாகப் போயிற்று. நெறிக்கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தால் நரம்பே வெட்டுப்படலாம். அதே இடத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒட்டி வளரும், ரத்த ஓட்டம் மிகுந்த கட்டி ஒன்றும் உண்டு, அதைக் கீறினால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடு. கழுத்துக் கட்டியில் ஸ்கேன் இல்லாமல் கத்தி வைக்க யார் சொன்னாலும் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்துப் பார்த்த ஈஎன்டி சர்ஜன் கட்டியை அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்தது, மேலும் கீழும் நகரவில்லை. அழுத்தியதும் அக்காவுக்கு இருமல் வந்தது. குரலுக்கும் விழுங்குவதற்கும் உதவும் வேகஸ் நரம்பாக இருக்கலாம் என்று அப்போதே சொல்லிவிட்டார். எம்ஆர்ஐ அதையே காட்டியது. வேகஸ் நரம்பு கரோட்டிட் தமனிக்கும், தலையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் ஜுகுலர் சிரைக்கும் நடுவே ஓடுகிறது. அதில் கட்டி வந்தால் இரண்டு குழாய்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பின்னால் இருக்கும், கண்மணி, வியர்வை போன்றவற்றைக் கவனிக்கும் சிம்பதடிக் நரம்பில் வந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே முன்னால் தள்ளப்படும். உங்கள் ரிப்போர்ட்டிலும் இது எழுதியிருக்கும், டாக்டரிடம் கேளுங்கள்.

எந்த நரம்பு என்பதைப் பொறுத்துத்தான் இழப்பும். வேகஸ் என்றால் குரல், விழுங்குதல். சிம்பதடிக் என்றால் அந்தப் பக்கக் கண் இமை தாழும், கண்மணி சுருங்கும், முகத்தில் வியர்க்காது. சிலருக்குச் சாப்பாட்டின் முதல் வாயில் மட்டும் காதருகே சுரீர் என்று வலித்து, மெல்ல மெல்லக் குறையும். கைக்குப் போகும் நரம்புக் கற்றை என்றால் கை பலவீனம்.

இனி ஆபரேஷன். இரண்டு முறை உண்டு. ஒன்று, கட்டியை நரம்போடு சேர்த்து வெட்டி எடுப்பது. கட்டி திரும்ப வராது, ஆனால் வேகஸை வெட்டினால் அந்தப் பக்கக் குரல் நாண் செயலிழக்கும். நரம்பை ஒட்டுப் போட்டாலும் பழைய அசைவு திரும்புவது அரிது. இன்னொன்று, கட்டியின் மேலுறையை மட்டும் திறந்து உள்ளிருக்கும் கட்டியை எடுப்பது. ஷ்வானோமாவில் நரம்பு இழைகள் கட்டிக்குள் ஓடாமல் பெரும்பாலும் உறையின் மேல் பரவிக் கிடக்கும். பலாச்சுளையை நீளவாக்கில் கீறிக் கொட்டையை எடுத்தால் சுளை மிஞ்சுமல்லவா, அப்படி. இழைகள் இல்லாத இடமாகப் பார்த்து, நரம்பு ஓடும் திசையிலேயே கீறுவார்கள். மயக்கம் கொடுக்கும்போது தொண்டைக்குள் போடும் குழாயிலேயே மின்முனை வைத்து, எங்கே தொட்டால் குரல் நாண் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே செய்யும் வசதி உண்டு. அது உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு வகை நரம்புக் கட்டி என்றால் இழைகள் கட்டிக்குள்ளேயே ஊடுருவி ஓடும், பிரிப்பது கடினம். உடம்பில் பால்காப்பி நிறப் புள்ளிகள் நிறைய இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் கட்டிகள் இருந்தாலோ அந்த வகையாக இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு இரண்டாவது முறையில்தான் செய்தார்கள். கழுத்து மடிப்பிலேயே கீறியதால் தழும்பு இன்று தேடினால்தான் தெரியும். ஆனால் நரம்பை வெட்டாவிட்டாலும் இழுபட்டதில் அது சோர்ந்துபோகும். கண் விழித்தபோது காற்று கலந்த கரகரப்புக் குரல்தான் வந்தது. தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. அந்த நாட்கள் கஷ்டமானவை. வகுப்பில் பேசவே முடியாதோ என்று அக்கா அழுதிருக்கிறாள். தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி விழுங்கவும், கத்தாமல் குரலை எழுப்பவும் ஸ்பீச் தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, இப்போது மறுபடி பாடம் நடத்துகிறாள். உச்சஸ்தாயியில் பாட மட்டும் வரவில்லை.

தேறாதவர்களுக்கும் வழி இருக்கிறது. செயலிழந்த குரல் நாணை ஊசி மூலமோ சின்ன ஆபரேஷன் மூலமோ நடுப்பக்கம் நகர்த்தி வைத்தால், மறுபக்க நாண் வந்து தொட்டுக் குரல் ஓரளவு கெட்டியாகும். ஆகவே முழுக்கக் குரலே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மாறாமல் இருக்கும் என்ற உத்தரவாதத்தையும் நம்ப வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்பே குரல் நாண்களைக் கேமரா விட்டுப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு ஒப்பிட அது தேவைப்படும். எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். உறைக்குள் துளி மிச்சம் இருந்தால் மெதுவாகத் திரும்ப வளரலாம் என்பதால், டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேனுக்குப் போவதையும் நிறுத்திவிடாதீர்கள்.