ஆட்டத்துக்கு ஆட்டம் கற்கும் செஸ் எஞ்சினை (செஸ் ஆடும் மென்பொருளை) மற்றவற்றோடு ஒரே தரப் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கற்றலை அணைத்துவிட்டு. வெற்றி தோல்விகளை வைத்துப் பலத்தை எண்ணாக்கும் ஈலோ கணக்கு, தொடர் முழுக்க எஞ்சினின் பலம் மாறாது, ஒவ்வொரு ஆட்டமும் தனித்தனி சோதனை என்று வைத்துக்கொள்கிறது. கற்றல் இரண்டையும் உடைக்கிறது.

சிசிலியன் என்ற தொடக்கத்தில் ஒரு நகர்த்தல் வரிசை வென்றால், ஓப்பனிங் புக் (எஞ்சினின் தொடக்க நகர்த்தல் தொகுப்பு) அதற்கு எடையைக் கூட்டும். எதிராளிக்குக் கற்கத் தெரியாவிட்டால் அதே குழியில் மறுபடி மறுபடி விழும். சமபல எஞ்சின்கள் 40 ஆட்டம் ஆடினால் எதிர்பார்ப்பு 20 புள்ளி. இப்படித் திரும்பிவந்த வெற்றிகளால் 24 ஆனால், அதாவது 60%, வித்தியாசம் சுமார் 70 ஈலோ. ஆனால் தேடல், அதாவது நகர்த்தல்களை முன்கூட்டி அலசும் திறன், ஒரு துளிகூட மேம்படவில்லை! எந்த ஆட்டம் முதலில், எது பின்னால் என்பதை மாற்றினாலே தரமும் மாறும்.

இதுவும் பலம்தானே என்பார்கள். மனிதரோடு ஆட வாங்குபவருக்கு அது சரிதான். ஸ்வீடனின் கணினி செஸ் சங்கமான எஸ்எஸ்டிஎஃப்-இன் தரப் பட்டியல் புக், கற்றல் எல்லாம் சேர்ந்த முழுப் பொருளையே அளந்தது. தேடலை மட்டும் அளக்க அது உதவாது.

வீட்டில் சோதிப்பவர்கள் எஞ்சினின் சொந்த புக்கை அணைத்து, பொதுவான தொடக்க நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுங்கள். பிரெய்ன்லேர்ன் போன்ற கற்கும் எஞ்சின்கள் அனுபவக் கோப்பை வட்டில் எழுதும்; அமைப்பில் அணைத்தாலும் பழைய கோப்பையும் நீக்குங்கள். ஆட்டங்களுக்கிடையே ஹாஷையும் (அலசிய நிலைகளை வைத்திருக்கும் நினைவகம்) காலி செய்யுங்கள். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில் நிலைகளை மதிப்பிடும் நியூரல் வலை வேறு விஷயம்: அது முன்பே பயிற்சி பெற்றது, போட்டியின்போது மாறாது.