ஆம்ப்ளிஃபையருக்கு வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) வாங்குகிறவர்கள் கேட்டவை

கேள்வி: ஒரே பிராண்டு, ஒரே நாளில் வாங்கிய இரண்டு இசிசி83 வால்வு. ரெக்கார்ட் பிளேயருக்கான ப்ரீஆம்பில், அதாவது மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் கருவியில், ஒன்றைப் போட்டால் அமைதியாக இருக்கிறது, மற்றதைப் போட்டால் ‘உஸ்’ என்று இரைச்சல். இரண்டு பெட்டியிலும் ‘டெஸ்ட் செய்யப்பட்டது’ என்று ஸ்டிக்கர். எதைத்தான் டெஸ்ட் செய்தார்கள்?

பதில்: உயிர் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். சாதாரண டெஸ்டர் உள்ளே ஷார்ட் இருக்கிறதா, சூடேறி எலெக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடிலிருந்து அது போதுமான அளவு வருகிறதா என்று சொல்லும். கொஞ்சம் நல்ல டெஸ்டராக இருந்தால், கிரிட் (எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள்) வோல்டேஜ் மாறும்போது பிளேட் (எலெக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) கரண்ட் எவ்வளவு மாறுகிறது என்பதையும் சொல்லும். இசிசி83-க்கு, அதாவது 12ஏஎக்ஸ்7-க்கு, டேட்டா ஷீட் கணக்குப்படி பிளேட்டில் 250 வோல்ட், கிரிட்டில் மைனஸ் 2 வோல்ட் கொடுத்தால் 1.2 மில்லிஆம்ப் ஓட வேண்டும், கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் 1.6 மில்லிஆம்ப் வீதம் கரண்ட் மாற வேண்டும். உங்கள் இரண்டு வால்வுமே இதில் பாஸாகியிருக்கும். ஆனால் இரைச்சல் இந்த எண்களில் தெரியாது. வால்வை நிஜமாகவே ஒரு ப்ரீஆம்பில் போட்டு, நன்றாகச் சூடேறவிட்டு, காதால் கேட்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரில் அளக்க வேண்டும். அதிலும் இசிசி83-க்குள் இரண்டு ட்ரையோடு (கேத்தோடு, கிரிட், பிளேட் மூன்றும் சேர்ந்த தொகுதி) இருப்பதால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒரு பாதி சுத்தமாகவும் மறுபாதி இரைச்சலாகவும் இருப்பது சகஜம். இதற்கெல்லாம் ஆளும் நேரமும் வேண்டும், அதனால்தான் ‘லோ நாய்ஸ்’ என்று பொறுக்கி எடுத்தவற்றுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, நிஜமாகவே பொறுக்கியிருந்தால்!

அந்த இரைச்சல் வால்வைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் இடத்தில் இருக்கும் வால்வின் இரைச்சலை அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமே பெருக்கும், அதனால்தான் அங்கே அவ்வளவு கறார். அதே வால்வை ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பில் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் இடத்தில் போட்டால் ஒரு சத்தமும் கேட்காமல் வருடக்கணக்கில் ஓடும்.

கேள்வி: ‘மேட்ச்டு பேர்’ (ஒரே அளவு கரண்ட் எடுக்கும் ஜோடி) என்று சொல்லி விற்ற இரண்டு இஎல்34 பவர் ஆம்ப் வால்வு. இரண்டே மாதத்தில் ஒன்று 36 மில்லிஆம்ப், இன்னொன்று 44. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு வால்வையும் சாக்கெட் மாற்றிப் போடுங்கள். கூடுதல் கரண்ட் வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் குறை வால்வில். சாக்கெட்டிலேயே தங்கிவிட்டால் குறை ஆம்பில், பெரும்பாலும் டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு அனுப்பும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது என்று அர்த்தம். பாவம், விற்றவர் பல நேரம் இதற்காகவும் திட்டு வாங்குகிறார். (சேஸிஸைத் திறந்து அளப்பதாக இருந்தால், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், ஜாக்கிரதை.)

சரி, குறை வால்வில்தான் என்றே வைத்துக்கொள்வோம். புது வால்வு முதல் சில மணி நேரங்களில் நிலையாக இருக்காது. கேத்தோடு பூச்சு முழுமையாக விழித்துக்கொள்ள வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச வாயுவை கெட்டர் என்ற உலோகப் பூச்சு உறிஞ்ச வேண்டும், அதுவரை கரண்ட் ஏறும், இறங்கும். ஐந்து நிமிடம் சூடாக்கி ஜோடி சேர்த்தால் அந்த ஐந்தாவது நிமிடத்துக்கு மட்டும்தான் அவை ஜோடி. ஒழுங்காக விற்பவர்கள் ஒரு நாளாவது ரேக்கில் ஓடவிட்டு, அப்புறம்தான் அளப்பார்கள். எந்த வோல்டேஜில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். உங்கள் ஆம்ப் 400 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறது, டெஸ்டர் 150 வோல்ட்டில் பார்த்திருந்தால், கசிவும் வாயுவும் அதில் வெளியே தெரிந்திருக்கவே செய்யாது. ஆகவே வாங்கும்போது எத்தனை வோல்ட்டில், எத்தனை மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளந்தீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த ஜோடிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

8 மில்லிஆம்ப் வித்தியாசம் கொஞ்சம் அதிகம்தான். இரண்டு வால்வும் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்பில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதியிலும் ஓடும் டிசி ஒன்றையொன்று ரத்து செய்ய வேண்டும், அது நடக்காவிட்டால் கோர் ஒரு பக்கமாகக் காந்தமாகி பேஸ் கெடும், ஹம் வரும். ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் கரண்டைச் சரிசெய்யும் தனி பயாஸ் திருகு இருக்கும் ஆம்ப் என்றால் நீங்களே சமன் செய்துகொள்ளலாம். கரண்ட் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள், அடுத்து பிளேட் சிவக்கும்.

கேள்வி: வால்வுக்குள் நீல வெளிச்சம் தெரிகிறது. ஆபத்தா?

பதில்: கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல் இருந்தால் ஒன்றுமில்லை, வழிதவறிய எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் நகரும். கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் ஊதா-ரோஸ் நிறத்தில் புகைபோலத் தெரிந்தால் உள்ளே வாயு இருக்கிறது. வெள்ளிபோல் பளபளக்கும் கெட்டர் பால் வெள்ளையாகிவிட்டால் காற்றே புகுந்துவிட்டது. குப்பைத் தொட்டி.

கேள்வி: தங்க முலாம் பூசிய பின்கள் உள்ளது வாங்கலாமா?

பதில்: அதே விலை என்றால் வாங்கலாம். தங்கம் வெளியே இருக்கிறது, பிரச்சினைகள் எல்லாம் உள்ளே.

கேள்வி: முல்லார்ட் என்று அச்சடித்த இரண்டு வால்வு என்னிடம் இருக்கிறது. இரண்டும் உள்ளே ஒரே மாதிரி இல்லை. எது போலி?

பதில்: இரண்டுமே அசலாக இருக்க வாய்ப்புண்டு, அதுதான் வேடிக்கை. பழைய முல்லார்ட் வால்வுகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் வந்தவை. இப்போது அந்தப் பெயரை வைத்திருப்பது அமெரிக்காவின் நியூ சென்சார், தயாரிப்பது ரஷ்யாவில் சராடோவ் நகரில். டங்-சோல், சோவ்டெக், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் என்று பல பெயர்களில் வருவதும் அங்கிருந்துதான். சட்டப்படி வாங்கிய பெயர் என்பதால் போலி என்று சொல்ல முடியாது, ஆனால் பழைய வால்வு என்று சொல்லி அதை விற்றால் அது மோசடி.

பழையதா என்று பார்க்க, கண்ணாடியின் அடியில் பின்களுக்கு அருகே சாம்பல் நிறத்தில் பொறித்த சிறு எழுத்துகளைத் தேடுங்கள். இசிசி83 என்றால் முதல் வரியில் ஐ61 அல்லது ஐ63 போன்ற வகைக் குறியீடு இருக்கும். அடுத்த வரியில் தொழிற்சாலை எழுத்து (பிளாக்பர்ன் என்றால் பி), வருடத்தின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, வாரத்துக்கு ஓர் எண். பிராண்டுப் பெயர் கட்டைவிரலால் தேய்த்தாலே போய்விடும், இது போகாது. அந்தக் காலத்திலேயே கம்பெனிகள் ஒன்றிடம் ஒன்று வாங்கித் தங்கள் பெயரை அடித்து விற்றன, ஆகவே பிராண்டு ஒன்று, தொழிற்சாலைக் குறியீடு வேறொன்று என்றிருந்தாலும் பதற வேண்டாம். குறியீட்டையே போலியாகப் பொறிப்பவர்களும் உண்டு என்பதால் பிளேட்டின் வடிவம், கெட்டர் வளையம் எல்லாவற்றையும் உறுதியான ஒரு வால்வோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் கால வால்வுகள் நிஜமாகவே உசத்தியா, இல்லை ஏக்கமா?

பதில்: ஏக்கமும் உண்டு. பழைய தொழிற்சாலைகளும் கழிசடைகளை நிறையத் தயாரித்தன, அவை இன்றுவரை பிழைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வேறு ஒரு விஷயம் இருந்தது. ரேடியோ, டிவி, டெலிபோன், ராணுவம் என்று எல்லோருக்கும் லட்சக்கணக்கில் வால்வு தேவைப்பட்டது, ஆகவே நிக்கலின் கலப்படம், கேத்தோடு பூச்சு, உள்ளே பாகங்களைப் பிடித்து நிறுத்தும் மைக்காத் தகட்டில் போடும் துளையின் அளவு எல்லாவற்றையும் கவனிக்கத் தனி ஆய்வகமே வைத்திருந்தார்கள். தயாரிப்பு எல்லை மீறுகிறதா என்று காட்டும் தரக் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற முறையையே 1924-ல் வால்ட்டர் ஷூஹார்ட், டெலிபோன் கருவிகள் செய்த அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில்தான் உருவாக்கினார். 1956-ல் ஸ்காட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே போட்ட முதல் அட்லாண்டிக் டெலிபோன் கேபிளில், கடலடியில் வால்வு ஆம்ப்கள் இருந்தன. மாற்ற ஆள் அனுப்ப முடியாத இடம். தூசு, நூல் பிசிறு இல்லாத அறையில் செய்து, நீண்ட நேரம் ஓடவிட்டு, அதிலும் தேர்ந்தெடுத்து, பிறகு மென்மையான வோல்டேஜில் ஓட்டினார்கள். 1978 வரை அந்தக் கேபிள் வேலை செய்தது. இன்று ஸ்லோவாக்கியாவின் சாட்சாவில் ஜேஜே, சராடோவ், சீனாவில் சில, அமெரிக்காவில் 300பி என்ற வால்வைச் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தொழிற்சாலைகள். அவற்றுக்குப் பெரும்பாலும் நம்மைப்போன்ற இசைப் பைத்தியங்கள்தான் வாடிக்கையாளர்கள், அந்த அளவு கறாராகக் கழித்தால் விலை எங்கேயோ போய்விடும். ஆகவே கழிக்கும் வேலையில் பாதி விற்பவர் தலையில் விழுந்திருக்கிறது.

கேள்வி: நானே வால்வு வாங்கி, டெஸ்ட் செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். என்ன கருவி வேண்டும்?

பதில்: நிஜ வோல்டேஜில் அளக்கும் டெஸ்டர், முடிந்தால் வோல்டேஜ் மாற மாற கரண்ட் எப்படி மாறுகிறது என்ற முழு வளைவையும் வரைந்து காட்டுவது. ஓடவிட ஒரு ரேக். இரைச்சல் கேட்க ஒரு நல்ல ப்ரீஆம்ப், ஹெட்ஃபோன். பென்சிலால் மெதுவாகத் தட்டியும் பாருங்கள். எந்த வால்வும் கொஞ்சம் ‘டிங்’ என்னும், அது உடனே அடங்காமல் பாடிக்கொண்டே இருந்தால் ஒதுக்குங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி, ஒதுக்கியதை என்ன செய்வீர்கள் என்பது. நிறையப் பேர் அதை மொத்தமாக இன்னொரு வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறார்கள், அது வெள்ளைப் பெட்டியில் ‘புதுசு’ என்று திரும்பச் சந்தைக்கு வருகிறது. இரைச்சல் மட்டும் உள்ளதை அப்படியே சொல்லி, குறைந்த விலைக்குக் கொடுங்கள். ஷார்ட், வாயு உள்ளதை உடைத்துவிடுங்கள். விற்கும் ஒவ்வொரு வால்விலும் அழியாத எண் ஒன்றைப் போட்டு, அளவுகளை அந்த எண்ணோடு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் வாரண்டியில் திரும்பி வருவது நீங்கள் விற்றதுதானா என்று உங்களுக்கே தெரியாது.