குளோரினுக்கும் பயோகாஸுக்கும் ஒரே உலோகமா?

கேள்வி: குளோரின், அம்மோனியா, பயோகாஸ் மூன்றுக்கும் தனித்தனி ப்ளோயர் (வாயுவைத் தள்ளும் விசிறி இயந்திரம்) வாங்கப் போகிறோம். எல்லாவற்றையும் எஸ்எஸ் 316 என்ற துருப்பிடிக்காத எஃகில் வாங்கிவிட்டால் பிரச்சினையே வராது என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

நம்ப வேண்டாம். மூன்றில் ஒன்றுக்கு அது வீண் செலவு, இன்னொன்றுக்கு ஆபத்து. வாயுவின் பெயரை வைத்து உலோகத்தை முடிவு செய்ய முடியாது. அதில் ஈரம் இருக்கிறதா, வெப்பநிலை என்ன என்பதுதான் முதல் கேள்வி.

குளோரினையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த குளோரினுக்குச் சாதாரண கார்பன் ஸ்டீல் போதும், வெப்பம் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டாதவரை. 250 டிகிரியை நெருங்கினால் அந்த ஸ்டீலே குளோரினில் பற்றி எரியும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலோ அமிலம் உருவாகி, 316-ஐக்கூடக் குழிகுழியாக அரித்துவிடும். அங்கே டைட்டானியம், எஃப்ஆர்பி (இழை சேர்த்த பிளாஸ்டிக்), ரப்பர் லைனிங் போன்றவைதான் தாங்கும். ஆனால் அதே டைட்டானியத்தை உலர்ந்த குளோரினில் வைத்தால் தீப்பிடிக்கும்! விலை கூடிய உலோகம் என்றால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்ற நினைப்பு இங்கே உயிருக்கே உலை வைக்கும்.

அம்மோனியா அவ்வளவு படுத்தாது. கார்பன் ஸ்டீல், வார்ப்பிரும்பு இரண்டுமே போதும். 316-க்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. செம்பும் பித்தளையும் மட்டும் எங்கேயும் இருக்கக் கூடாது. புஷ், கேஜ் போன்ற சின்னப் பாகங்களில்தான் அவை ஒளிந்திருக்கும். வாயு கசியாமல் தடுக்கும் சீலில் வைட்டான் ரப்பர் வேண்டாம், ஈபிடிஎம் ரப்பர் கேளுங்கள். அப்புறம், குளோரின் ஓடிய ப்ளோயரை அவசரத்துக்குக்கூட அம்மோனியாவுக்கு மாற்றிவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் வெடிக்கும் சேர்மம் உருவாகலாம்.

பயோகாஸுக்கு 316 நல்ல தேர்வுதான். அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஈரமும் சேர்ந்தே வரும். ஷாஃப்ட், போல்ட் போன்றவற்றில் மிகக் கடினமான ஸ்டீல் போட்டால் சல்ஃபைடால் திடீரென விரிசல் விடும். கார்பன் ஸ்டீலுக்கு 22 ராக்வெல் சி கடினத்தன்மையை வரம்பாக வைப்பது வழக்கம். பயோகாஸில் உள்ள மீத்தேன் எரியக்கூடியது என்பதால் இம்பெல்லர் (உள்ளே சுழலும் விசிறிச் சக்கரம்) கேசிங்கில் (வெளிக்கூடு) உரசினாலும் பொறி பறக்காத அமைப்பு வேண்டும். அலுமினியம் இம்பெல்லர் பொறி விடாது என்பார்கள். ஆனால் துருப்பிடித்த ஸ்டீலில் அது உரசினால் கடும் சூடான பொறி கிளம்பும், கவனம்.

பலரும் கோட்டைவிடுவது ப்ளோயர் நிற்கும் நேரத்தைத்தான். ஓடும்போது சூடாக, உலர்வாக இருக்கும் வாயு, நிறுத்தியதும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் கேசிங்கின் அடியில் நீராகத் தேங்கும். அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் கேசிங்கின் அடியில் வடிகால் கேளுங்கள். நிறுத்தியதும் உலர்ந்த நைட்ரஜன் செலுத்த ஒரு இணைப்பும் கேளுங்கள்.

விலை கேட்டு அனுப்பும் கடிதத்தில் ஒவ்வொரு வாயுவுக்கும் ஈரப்பதம், கூடிய பட்ச வெப்பநிலை, கலந்துள்ள மற்ற வாயுக்கள், நாளுக்கு எத்தனை முறை நிறுத்துவீர்கள் என்பதை எழுதுங்கள். இம்பெல்லர், கேசிங், ஷாஃப்ட், சீல், கேஸ்கெட் ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். 'வாயுவோடு தொடர்புள்ள பாகங்கள் எஸ்எஸ் 316' என்று ஒரே வரியில் பதில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.