ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு: இனி சோறுதான் தொட்டுக்கொள்ள

கேள்வி: எனக்கு 36 வயது. 108 கிலோ இருந்தபோது எடைக்குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். நான்கு மாதம் ஆகிறது, 22 கிலோ குறைந்திருக்கிறது. முட்டை சாப்பிடுவேன், மீன், கறி கிடையாது. சப்பாத்தியோ தோசையோ இரண்டு வாய் போனதும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு வாந்தி வருகிறது. ரசம் சோறும் தயிர் சோறும் சிரமமில்லாமல் இறங்குவதால் அதிலேயே ஓட்டுகிறேன். நடுவில் பசித்தால் டீ, பிஸ்கட். மூன்று வாரமாக எடை அசையவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பிரஷர் மாத்திரை போடுகிறேன், உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. அடுத்த மாதம் நாத்தனார் வீட்டில் கல்யாணம். ஆபரேஷன் விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. எப்படிச் சமாளிப்பது?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: தலைசுற்றலை முதலில் முடித்துவிடலாம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. எடை இறங்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். 108 கிலோவில் எழுதிக்கொடுத்த மாத்திரை 86 கிலோ உடம்புக்கு அதிகமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். காலையில் உட்கார்ந்தபடி ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர் போதாமலும் இப்படிச் சுற்றும். நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போகவில்லை என்று அர்த்தம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.

இனி சாப்பாடு. உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அந்த ரசம் சோற்றில்தான் இருக்கிறது.

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குறுகிய குழாய். ஆரம்பத்தில் அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லிதான், அதாவது ஒரு டம்ளர்கூட இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டியெடுத்த பகுதியில்தான் சுரக்கிறது. அதனால்தான் முதல் மாதங்களில் பசி அவ்வளவாகத் தெரியாது. இந்தச் சலுகை எப்போதும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பசி திரும்பும். அதற்குள் புதிய பழக்கம் படிந்துவிட வேண்டும்.

நம் சாப்பாட்டு முறைக்கும் இந்தக் குழாய்க்கும் ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. இலையில் நடுநாயகம் சோறு. அதன் மேல் சாம்பார், அப்புறம் ரசம், கடைசியில் மோர். புரதம் உள்ள பருப்பும் கூட்டும் ஓரத்தில் தொட்டுக்கொள்ள மட்டும். வயிறு பெரிதாக இருந்தவரை எல்லாம் சேர்ந்து ஒருவழியாக ஈடுகட்டியது. இப்போது நான்கைந்து கரண்டிக்குத்தான் இடம். அந்த இடத்தைக் குழைந்த சோறும் ரசமும் பிடித்துக்கொண்டால் புரதம் எங்கே போகும்? போதாததற்கு, நீரோடு கலந்த சோறு குழாயில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. சிரமம் தெரியாததற்கும் ஒரு மணி நேரத்தில் டீ, பிஸ்கட் தேடுவதற்கும் காரணம் ஒன்றே.

அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பருப்பு, பனீர், முட்டை, சுண்டல் முதலில். பிறகு காய். இடம் மிச்சமிருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு, அதுவும் தொட்டுக்கொள்ள. ரசத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு ஒரு டம்ளரில் ஊற்றித் தனியாகக் குடியுங்கள், மோரும் அப்படியே. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். மடமடவென்று குடிக்காமல் மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும்.

புரதம் எவ்வளவு என்றால், நாளைக்குக் குறைந்தது 60 கிராம். இது சைவக்காரர்களுக்கு லேசான காரியம் இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் சுமார் 6, 50 கிராம் பனீரில் 9, கெட்டியாக வெந்த பருப்பு அரைக் கிண்ணத்தில் 4 அல்லது 5, அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 6 அல்லது 7. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு முட்டையும் சேர்த்து இத்தனையும் சாப்பிட்டால்கூட 40 கிராம் தாண்டாது. 20 கிராம் உலர்ந்த சோயா உருண்டையை வேகவைத்துச் சேர்த்தால் இன்னும் 10 கிடைக்கும். மிச்சத்துக்கு, பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே (whey) புரதப் பவுடரைப் பாலில் கலந்து குடிப்பதில் தயக்கம் வேண்டாம். "பவுடர் எல்லாம் கிட்னிக்குக் கெடுதல்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சிறுநீரகம் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு இந்த அளவு கெடுதல் செய்யாது. ஏற்கெனவே அந்தக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு. டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

அடைத்துக்கொள்வதற்கு வருவோம். சப்பாத்தி, பரோட்டா, மெத்தென்ற பிரெட் மூன்றும் வாயில் பிசைந்த மாவாகி உள்ளே உருண்டையாகத் திரண்டு நிற்கும். மொத்தமான தோசையும் அப்படித்தான். மொறுமொறு தோசையாக, சுண்டுவிரல் நகமளவு பிய்த்து, கூழாகும்வரை மென்றால் பெரும்பாலும் இறங்கிவிடும். இட்லி உதிர்வதால் எளிது. என்னைக் கேட்டால் தோசையைவிட அடையும் பாசிப்பயறு தோசையும் மேல். பருப்பும் உள்ளே போகிறது. டீஸ்பூனால் சாப்பிடுங்கள், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே ஸ்பூனைக் கீழே வையுங்கள். ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகட்டும். போதும் என்பதைப் புதிய வயிறு வேறு விதமாகச் சொல்லும். சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர், சிலருக்கு நெஞ்சுக்குழியில் ஒரு அழுத்தம். உங்களுக்கு எது என்று கவனித்து, அது வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இதுதான் கடினம், அதனால் போடும்போதே குறைவாகப் போடுங்கள். இவ்வளவு செய்தும் அடைத்தால், அல்லது கஞ்சியும் தண்ணீருமே இறங்கச் சிரமப்பட்டால், குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோபி செய்து பார்த்து அங்கேயே விரித்துவிட வழி உண்டு.

எடை மூன்று வாரம் நிற்பது சகஜம். எல்லாருக்கும் ஒன்றிரண்டு முறை நிற்கும், பிறகு இறங்கும். தினமும் மெஷினில் ஏறாமல் வாரம் ஒருமுறை போதும். ஆனால் டீ, பிஸ்கட் கணக்கைப் பார்த்துவிடுங்கள். மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒவ்வொரு டீயோடும் இரண்டு பிஸ்கட் என்றால் பாலைச் சேர்க்காமலே 250 கலோரியைத் தாண்டும். நாள் முழுவதும் எண்ணூறு, தொள்ளாயிரம் கலோரி சாப்பிடுகிறவருக்கு அது கால் பங்குக்கு மேல். மிக்சர், முறுக்கு, சிப்ஸும் இதே ரகம். எச்சிலில் கரைந்து வழுக்கிப் போய்விடும், நிறைந்த உணர்வே வராது. சில வருடம் கழித்து எடை திரும்ப ஏறுவதில் இந்தக் கொறிப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முடி கொட்டுவது பெரும்பாலும் மூன்றாம் மாதவாக்கில் தொடங்கும். உடம்பு வேகமாக இளைத்ததன் அதிர்ச்சி அது. சில மாதம் கொட்டிவிட்டுத் தானாக முளைக்கும். புரதமும் இரும்பும் குறைந்தால் நீடிக்கும். எண்ணெய், ஷாம்பூவுக்குச் செலவழிக்கும் பணத்தில் பனீர் வாங்கலாம்.

மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த வைட்டமின்களை நிறுத்திவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. பலர் மூன்றாம் மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவை வாழ்நாள் முழுக்கத் தேவை. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இரும்பும் சேரும். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் டீ, காபியும் கூடாது. ஆறாம் மாதம் இந்த அளவுகளை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். கிளம்பும் முன் வீட்டிலேயே புரதப் பால் குடித்துவிடுங்கள். பந்தியில் பருப்பு, கூட்டு, பொரியல் என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பாயசம், ஜாங்கிரி வேண்டாம். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் எல்லாம் வரும். எடைக்குறைப்புக்கான இன்னொரு அறுவை சிகிச்சையான இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவிலும் சிலருக்கு உண்டு. பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் என்று நிற்பார். "வயிற்றுக்கு வைத்தியம் நடக்கிறது, டாக்டர் அளவாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னால் அது பொய்யும் இல்லை, ஆபரேஷன் கதையும் வராது. பக்கத்து இலையில் உங்கள் கணவரை உட்காரவைத்தால் மிச்சம் அந்த இலைக்குப் போகும். "அடுத்த குழந்தை எப்போ?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு விடுங்கள், ஆனால் உங்களுக்குள் ஒரு கணக்கு வேண்டும். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம்வரை கருத்தரிக்காமல் இருப்பது நல்லது. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் மகப்பேறு மருத்துவரிடம் கருத்தடை பற்றி இப்போதே பேசிவிடுங்கள்.

கடைசியாக வாந்தி. எப்போதாவது ஒரு வாய் அதிகமாகி வருவது வேறு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, பல நாள் விடாமல் வாந்தி எடுத்தாலோ ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய்விடுங்கள். காய்ச்சலோடு வயிற்றுவலி, படபடவென்று நாடித்துடிப்பு, கருநிற மலம் என்றாலும் அப்படியே. அவசரத்துக்குப் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்ற நேர்ந்தால், ஸ்லீவ் செய்திருப்பதை முதலில் சொல்லுங்கள். தொடர் வாந்தியில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் பி1 போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரிடமாவது அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.