இரவு குறையாத ஊரில் கிறிஸ்துமஸ்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து மெதடிஸ்ட் தமிழ்ச் சபைக்குக் குடும்பமாகப் போகிறோம். போன ஞாயிறு அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலம்) ஆராதனையில் எங்கள் போதகர், "வருஷத்திலேயே நீளமான இரவு இந்த வாரம் வருகிறது, அதற்குப் பிறகு வெளிச்சம் கூடத் தொடங்கும், அதனால்தான் கிறிஸ்து பிறப்பை இந்த நாட்களில் கொண்டாடுகிறோம்" என்று பிரசங்கம் செய்தார். கேட்க மனதுக்கு இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் கைப்பேசியை நீட்டினாள். சிங்கப்பூரில் சூரிய உதயம் ஏழு மணி, அஸ்தமனம் ஏழு மணி. "இதுல எங்கம்மா நீளமான ராத்திரி?" என்றாள். கூடவே ஒரு காணொளியையும் காட்டினாள். டிசம்பர் 25 ரோமர்களின் சூரிய தேவன் பிறந்த நாளாம், கிறிஸ்தவர்கள் அதைத் திருடிக்கொண்டார்களாம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஒவ்வொரு டிசம்பரிலும் இஞ்சி போட்ட சர்க்கரைப் பாகில் மாவு உருண்டைகள் செய்து ஒரு கிண்ணம் கொடுப்பார். அதுவும் இதே நீளமான இரவுக்கான பண்டிகைதான் என்று இந்த வருஷம்தான் தெரிந்தது. சபையில் ஒரு அக்கா அதைச் சாப்பிடக் கூடாது என்கிறார். சூரியனுக்கும் நம் பண்டிகைக்கும் என்ன சம்பந்தம் ஐயா? இந்த ஊரில் அதற்கு அர்த்தம் ஏதாவது இருக்கிறதா?

ஈசூன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சூரிய உதய நேரம் பார்க்கிற பிள்ளை, பிரசங்கத்தை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

முதலில் அந்தக் காணொளி. ரோமப் பேரரசன் ஔரேலியன் கி.பி. 274இல் 'வெல்லப்படாத சூரியன்' என்ற தெய்வத்துக்கு ரோமில் கோயில் எடுத்தது உண்மை. ஆனால் அந்தச் சூரியனின் பிறந்த நாள் டிசம்பர் 25 என்று நமக்குத் தெரிவிக்கும் மிகப் பழைய ஏடு, 354ஆம் ஆண்டு ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தது டிசம்பர் 25 என்று சொல்லும் மிகப் பழைய பதிவும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி 336ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்தது என்பது அறிஞர்கள் கணிப்பு. இரண்டும் ஒரே ஏட்டில் பக்கம் பக்கமாக நிற்கும்போது யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வேறொரு கணக்கும் அன்று புழக்கத்தில் இருந்தது. இயேசு கருவான நாளும் சிலுவையில் மரித்த நாளும் ஒன்றே, அது மார்ச் 25 என்று ஆதித் திருச்சபையில் பலர் நம்பினார்கள். திருச்சபைத் தந்தையரில் ஒருவரான அகுஸ்தீனும் இதை எழுதியிருக்கிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் மார்ச் 25ஐ வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாளாகக் கொண்டாடுகிறது. திருட்டு என்பது பெரிய சொல். அதற்கு இந்தச் சான்றுகள் போதாது.

சூரியனைக் கண்டு கிறிஸ்தவர்கள் கூச்சப்படவும் இல்லை. மல்கியா தீர்க்கதரிசி, "நீதியின் சூரியன் உதிக்கும், அதின் செட்டைகளின்கீழ் ஆரோக்கியம் இருக்கும்" என்றார். அந்த வசனத்தைத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே கிறிஸ்துவுக்குச் சூட்டியது. உங்கள் மெதடிஸ்ட் மரபின் சார்ல்ஸ் வெஸ்லி 1739இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாட்டில் இதே நீதியின் சூரியன் செட்டைகளோடு வருகிறது. வீவக (அரசு வீட்டுவசதி) அடுக்குமாடிகளில் வீடு வீடாகக் கேரல் போகும்போது நீங்களும் அதைப் பாடியிருப்பீர்கள்.

ஆனால் ஒரு எல்லைக்கோடு இருந்தது, அதில் ஆதித் திருச்சபையின் பிதாக்கள் கண்டிப்பாகவும் இருந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் போப்பாண்டவராக இருந்த பெரிய லியோ தம் கிறிஸ்துமஸ் மறையுரை ஒன்றில் மனம் நொந்து பேசுகிறார். புனித பேதுரு பேராலயத்துக்கு விடியற்காலையில் வரும் விசுவாசிகள், படிக்கட்டு ஏறி மேல்தளத்துக்கு வந்ததும் உள்ளே போவதற்கு முன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனைப் பார்த்துத் தலை வணங்குகிறார்கள். சிலர் அறியாமையால் செய்கிறார்கள், சிலர் பழைய பழக்கத்தால். படைத்தவரை நினைத்துத்தான் வணங்குகிறோம் என்று சொன்னாலும் வேண்டாம், உங்களைப் பார்த்துப் புதிதாக வந்தவர் குழம்பிப் போவார் என்கிறார் லியோ. எனக்கு இந்தக் காட்சி மிகவும் முக்கியமாகப் படுகிறது. அந்த மக்கள் கெட்டவர்கள் இல்லை. குளிரில் நடந்து வந்திருக்கிறார்கள், ரோமில் அந்த மாதத்து இரவு ஏறக்குறைய 15 மணி நேரம், கிழக்கே வெளிச்சம் வருகிறது, கை தானாகக் கூப்பிக்கொள்கிறது. அவர்களுக்குச் சற்று முன்னால் வாழ்ந்த அகுஸ்தீன் ஒரே வரியில் முடித்திருந்தார்: இந்த நாளைச் சூரியனுக்காகக் கொண்டாடும் மற்றவர்களைப் போல அல்லாமல், அந்தச் சூரியனை உண்டாக்கியவருக்காகக் கொண்டாடுவோம்.

குளிர்காலக் கதிர்த்திருப்பம், அதாவது சூரியன் தெற்கே கடைசி வரை போய்த் திரும்பும் நாள், இப்போது டிசம்பர் 21 அல்லது 22இல் வருகிறதே, பண்டிகை ஏன் 25இல் என்று மகள் அடுத்துக் கேட்பாள். ஜூலியஸ் சீசரின் நாட்காட்டியில் கதிர்த்திருப்பம் டிசம்பர் 25 என்றுதான் குறித்திருந்தார்கள். அந்த நாட்காட்டியின் வருஷம் உண்மையான வருஷத்தைவிட 11 நிமிடம் நீளம், அதனால் நூற்றாண்டுகள் போகப்போகத் தேதி நழுவியது. 1582இல் போப்பாண்டவர் 13ஆம் கிரகோரி பத்து நாட்களை நீக்கிச் சரிசெய்தபோது கதிர்த்திருப்பம் 21, 22இல் நின்றது, பண்டிகை இருந்த இடத்திலேயே இருந்தது. நம் பொங்கலுக்கும் இதே கதைதான். தை முதல் நாளை உத்தராயணப் பிறப்பு என்கிறோம், சூரியனோ அதற்கு மூன்று வாரத்துக்கும் மேலாக முன்பே வடக்கே திரும்பிவிடுகிறது. நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் நம் பஞ்சாங்கம், பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பிந்திக்கொண்டே போகிறது. சுமார் 1700 வருஷங்களுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. அதற்காகப் பொங்கலைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

இனி சிங்கப்பூர். உங்கள் மகள் சொன்னது சரி. டிசம்பர் 21இல் இங்கே பகல் 12 மணி 3 நிமிடம், ஜூன் 21இல் 12 மணி 12 நிமிடம். வருஷம் முழுக்க வித்தியாசமே ஒன்பது நிமிடம்தான். இன்னும் ஒரு விஷயம்: கிறிஸ்துமஸுக்குப் பிறகு இங்கே விடியல் முந்துவதில்லை, பிந்துகிறது. டிசம்பர் 21இல் ஏழு மணியை ஒட்டி உதிக்கும் சூரியன் பிப்ரவரி நடுவில் ஏழேகாலுக்கு மேல்தான் தலைகாட்டும். பள்ளிக்கூடம் திறந்த ஜனவரியில் பிள்ளைகளை இருட்டில் பேருந்து ஏற்றிவிடும் எல்லா அம்மாக்களுக்கும் இது தெரியும்.

ஆனாலும் கதிர்த்திருப்பம் இங்கேயும் நடக்கிறது, வேறு பக்கமாக. எங்கள் வீட்டுச் சமையலறை தெற்குப் பார்த்தது. ஜூனில் துணி காயப்போட்டால் மாலை வரை ஈரமாகவே தொங்கும், வெயில் எல்லாம் வடக்குப் பக்க அறைகளுக்குத்தான். நவம்பரிலிருந்து வெயில் சமையலறைப் பக்கம் வந்துவிடும். மழை விட்ட நாட்களில் மதியம் ஒரு மணிக்குச் சன்னலோரத் தரையில் ஓடு இரண்டு அகலத்துக்கு வெளிச்சப் பட்டை விழும், கம்பில் மாட்டிய துணி ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காயும். சூரியன் தெற்கே போகக்கூடிய கடைசித் தூரம் வரை போய்விட்டது என்று பொருள். பிறகு மெதுவாகத் திரும்பி, மார்ச் 24 வாக்கில் மதியம் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் முன்பு நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின நாள்! இது தற்செயல்தான், இதில் எந்த மறைபொருளும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒவ்வொரு வருஷமும் சந்தோஷம் தருகிறது.

நீங்கள் கேட்டது இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று. நான் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கும் பதிலைச் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் இருப்பவருக்கு இயற்கையே துணை நிற்கிறது. இரவு நீண்டுகொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் நின்று குறையத் தொடங்குகிறது. கிறிஸ்து பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் அங்கே வசந்தம் வந்துவிடும். அந்த நம்பிக்கையையும் பெத்லகேம் தரும் நம்பிக்கையையும் அங்கே எளிதில் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாம், லியோவின் படிக்கட்டில் நின்றவர்கள் குழம்பியதைப் போல. இங்கே அப்படிக் குழம்ப வழியே இல்லை. இங்கே இரவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. என் மனைவி செவிலியர், கிறிஸ்துமஸ் இரவுகளில் பெரும்பாலும் வேலையில்தான் இருப்பாள். டிசம்பரிலும் ஜூனிலும் வார்டில் விடியற்காலை மூன்று மணி ஒரே மாதிரிதான் என்பாள். வலியில் தூங்காமல் கிடப்பவர், "சிஸ்டர், மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாளைக்கு இந்த இரவு கொஞ்சம் சின்னதாகும் என்று அவருக்குச் சொல்ல இயற்கையிடம் ஒன்றும் கிடையாது. "அந்த ஒளி இருளிலே பிரகாசிக்கிறது, இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை" என்று நற்செய்தியாளர் யோவான் எழுதியதை அந்த வார்டில் வைத்து வாசித்துப் பாருங்கள். இருள் குறைந்த பிறகு ஒளி வந்தது என்று அவர் எழுதவில்லை. இருள் இருக்கும்போதே, அதே அளவு இருக்கும்போதே, உள்ளே வந்தது என்கிறார். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் வாழும் நமக்கு இந்த வசனம் எந்த ஒட்டுத்துணையும் இல்லாமல் தனியாக நிற்கிறது. நாம் அதை முழுசாக நம்ப வேண்டியிருக்கிறது. இதை நான் குறையாக நினைக்கவில்லை, நமக்குக் கிடைத்த பாக்கியமாக நினைக்கிறேன்.

உங்கள் போதகர் சொன்னது தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கே பிறந்த ஓர் அடையாளத்தை அவர் இங்கே எடுத்து வைத்தார், அடையாளம் அழகானதுதான். அகுஸ்தீன் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். யோவான் ஸ்நானகன் பிறந்த நாள் ஜூன் 24, பகல் குறையத் தொடங்கும் காலம். கிறிஸ்து பிறந்தது பகல் கூடத் தொடங்கும் காலம். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்று யோவான் சொன்னதை வானமே எழுதிக் காட்டுகிறது என்றார்.

சீனப் பாட்டியின் கிண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டோங்ஷி என்ற அந்தக் குளிர்காலப் பண்டிகை அன்று குடும்பம் ஒன்றுகூடித் தாங் யுவான் என்ற அந்த மாவு உருண்டைகளைச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம், சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பார்கள். முன்னோருக்குப் படைக்கும் வீடுகளும் உண்டு, உங்கள் சபை அக்காவின் தயக்கம் அங்கிருந்து வந்திருக்கும். பவுல் இதைக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தில் நேரடியாகவே பேசுகிறார்: உங்கள்முன் வைக்கப்படுவதை ஒன்றும் விசாரியாமல் புசியுங்கள், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடுங்கள். பாட்டி அண்டை வீட்டாரை நினைத்துக் கொண்டுவருகிறார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் நாலு முறுக்கோ அச்சுமுறுக்கோ வைத்துக் கொடுப்பேன்.

கடைசியாக, மகளுக்காக ஒன்று. 1969 வரை கத்தோலிக்க நாட்காட்டியில் டிசம்பர் 21 யாருடைய திருநாள் தெரியுமா? இயேசுவின் சீடரான நம் மயிலாப்பூர் தோமாவுடையது. இப்போது ஜூலை 3க்கு மாற்றிவிட்டார்கள், ஆங்கிலிக்கன் பழைய செபப் புத்தகத்தில் இன்னும் 21தான். தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரை வருஷத்தின் மிக இருண்ட நாளில் நிறுத்தி, அவரையும் புனிதர் என்று நூற்றாண்டுகளாகக் கொண்டாடியிருக்கிறார்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அந்த வரிசையில் தாராளமாக இடம் இருக்கிறது. அதே 21 மாலை வேண்டுதலில், "உதய சூரியனே வாரும், இருளிலும் மரண நிழலிலும் இருப்போருக்கு ஒளி தாரும்" என்ற பொருளில் ஒரு பழைய செபம் உண்டு, இன்றும் உலகம் முழுவதும் அந்த மாலையில் சொல்கிறோம். அது லூக்கா முதல் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியா பாடிய பாட்டின் எதிரொலி.

அன்று இங்கே சூரியன் மறைவது 7 மணி 4 நிமிட வாக்கில். அந்த நேரத்துக்கு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து லூக்கா 1:68 முதல் 79 வரை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவளுக்குக் கேட்க ஏதாவது இருந்தால், அடுத்த கடிதத்தை அவள் எழுதட்டும்.

அன்புடன்.